டைகோ டிவியிலிருந்து வந்த பாடகர் அல்ல

ஜப்பானின் பிரேக்கர்ஸ் ராக் குழுப் பாடகர் டைகோ, பிரதமராக இருந்த தாத்தா நொபோரு தகேஷிதாவின் செல்வாக்கில் டிவிக்குள் நுழைந்தார், அந்தப் புகழை வைத்துத்தான் பாடகரானார் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. தகேஷிதா பிரதமராக இருந்தது 1987 முதல் 1989 வரை. டைகோ அப்போது பள்ளிச் சிறுவன். தாத்தா 2000இல் காலமானார். பேரன் தனிப் பாடகராக அறிமுகமானதோ 2003இல், 'டைகோ ஸ்டார்டஸ்ட்' என்ற மேடைப் பெயரில். பிரேக்கர்ஸ் உருவானது 2007இல். டிவியில் முகம் பிரபலமானது அதற்கு அப்புறம்தான். அங்கே பிரதமரின் பேரன் என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்கள், சரி. அந்தப் பெயர் மட்டும் இத்தனை வருஷம் ஒருவரைத் திரையில் நிறுத்திவைக்காது. 2015இல் '24 மணி நேர டிவி' தொண்டு நிகழ்ச்சிக்காக 100 கிலோமீட்டர் ஓடியவர் இவர். 2022இல் தொடங்கிய சமையல் நிகழ்ச்சிக்குச் சமையல் தெரியாதவராகவே வந்து, ஆசிரியர் சொல்லச் சொல்ல நறுக்கியும் வதக்கியும் கேமரா முன்னாலேயே கற்றுக்கொண்டார்.