கட்டாயம் கட்டணத்துக்குத்தான், உறுப்பினர் ஆவதற்கு அல்ல

தொழிற்சங்கத்துக்குக் கட்டணம் கட்டும்படி தொழிலாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் 'ரைட் டு ஒர்க்' சட்டம். அந்தச் சட்டமில்லாத அமெரிக்க மாநிலங்களில் சங்கத்தில் சேராவிட்டால் வேலை போய்விடும் என்று ஒரு கட்டுரை சொல்வது தவறு. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் முறையை 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டமே தடை செய்துவிட்டது. மிஞ்சியிருப்பது கட்டணம். அதிலும் உச்ச நீதிமன்றத்தின் 1988 பெக் தீர்ப்புக்குப் பிறகு, தனியார் துறையில் உறுப்பினராகாதவர் ஆட்சேபம் தெரிவித்தால் பேச்சுவார்த்தை, ஒப்பந்த அமலாக்கம், குறைதீர்ப்பு ஆகியவற்றின் செலவுப் பங்கை மட்டும் கட்டினால் போதும். அரசியல் செலவுக்குத் தர வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறு. பணியிடத்தின் ஒரு பிரிவில் பெரும்பான்மை பெற்ற சங்கம் அந்தப் பிரிவின் எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே பிரதிநிதி. காசு கட்டாதவரின் பணிநீக்கப் புகாரையும் பாரபட்சமின்றி நடத்தியாக வேண்டும். 'ரைட் டு ஒர்க்' மாநிலங்களில் அந்தச் செலவைச் சந்தா கட்டுபவர் மட்டும் சுமப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மிச்சிகன் மாநிலம் 2012-இல் கொண்டுவந்த 'ரைட் டு ஒர்க்' சட்டத்தை 2023-இல் ரத்து செய்தது. ஆனால் அரசு ஊழியர் விஷயத்தில், கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 ஜேனஸ் தீர்ப்பு இன்னும் குறுக்கே நிற்கிறது.