சாத்தனூர் திறந்தால் எங்கள் தெருவில் எவ்வளவு?

தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணை நிரம்பப் போகிறது என்று செய்தி வந்தால் திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சந்தோஷம். நியாயம்தான், அவர்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர். இடதுபுறக் கால்வாய், வலதுபுறக் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கும் சந்தோஷம். அதே செய்தி, அந்த ஆறு கடலில் கலக்கும் கடலூருக்கு வந்து சேரும்போது ஆல்பேட்டையிலும் குண்டு உப்பலவாடியிலும் பீரோவின் அடித்தட்டைக் காலி செய்ய ஆரம்பிக்கிறார்கள். 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதுதான் நிலைமை.

அணையை நான் திட்டப் போவதில்லை. 1958-இல் கட்டி முடித்தது, 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. குடிநீர், பாசனம், கூடவே 7.5 மெகாவாட் நீர்மின் நிலையம். மின்சாரத்தைப் பெரிதாக நினைக்க வேண்டாம். நம்ம நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஒரே ஒரு யூனிட் 210 மெகாவாட். அணையின் உயிர் தண்ணீரில்தான் இருக்கிறது. மழைக்காலம் முடியும்போது அணை நிறைந்திருக்க வேண்டும். கோடையில் குடிதண்ணீர் இல்லையென்றால் அதிகாரிகளைத்தான் பிடித்து உலுக்குவார்கள். அப்புறம் யார் வெள்ளத்துக்கென்று காலி இடம் விட்டு வைப்பார்கள்?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. நம் தலைமேல் கொட்டியது போதாதென்று உள்ளே போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி நேரே சாத்தனூருக்குப் போனது. டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி வெளியேற்றம் விநாடிக்கு 1,68,000 கனஅடி வரை ஏறியது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. சொல்லாமல் கொள்ளாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். சண்டை சட்டசபை வரை போனது.

இரண்டு தரப்பும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். விநாடிக்கு 1,68,000 கனஅடி என்றால் மணிக்கு சுமார் 605 மில்லியன் கனஅடி. அதாவது அணை துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்திருந்தாலும், அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பி வழிந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டிருந்தால் கிடைத்திருப்பது இரண்டரை மணி நேரம்கூட இல்லை. "முன்னாடியே திறந்து காலி பண்ணியிருந்தா வெள்ளமே வந்திருக்காது" என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தை அற்பமாகவும் நினைக்கக் கூடாது. அணைக்கு அடுத்தாற்போல் இருக்கிற ஊர்களுக்கு அது நடு இரவுக்கும் விடியலுக்கும் உள்ள வித்தியாசம். மாட்டை அவிழ்த்துவிட, படுத்த படுக்கையாய் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போக, வெளிச்சம் வேண்டும். அதனால் மழைக்கால உச்சத்தில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். வெள்ளத்தைத் தடுக்க அல்ல, தள்ளிப்போட.

கடலூர் விஷயம் வேறு. இங்கே தண்ணீர் வந்து சேர நேரம் எடுக்கும். நமக்கு இல்லாதது விவரம்.

குண்டு உப்பலவாடியில் என் சித்தி வீடு. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, இத்தனை ஆயிரம் கனஅடி திறந்திருக்கிறார்கள், கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று அறிவித்துவிட்டுப் போனார்கள். சித்தி எனக்கு போன் போட்டுக் கேட்டது: "கனஅடின்னா வாசப்படி வரைக்குமாடா, கட்டில் வரைக்குமா?" என்னிடம் பதில் இல்லை. கட்டிலுக்கும் மேலே வந்தது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் சுவரில் சுவிட்ச்போர்டுக்கு ஒரு சாண் கீழே பழுப்புக் கோடு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது, அதன் காய்கறித் தட்டு நிறைய வண்டல். ரேஷன் அரிசி மூட்டை ஊறி வெடித்து நாற்றம் எடுத்தது. மண்வெட்டியால் வாரிப் போட்ட சேறு காய்ந்து வாசலில் பாறை மாதிரி இறுகிவிட்டது.

சித்தி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல விஞ்ஞானி வேண்டாம். எவ்வளவு திறந்தபோது எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று 2024-இல் சுவர்களே எழுதி வைத்திருந்தன. வெள்ளையடித்து மறைப்பதற்குள் யாராவது அளவு நாடாவோடு வந்தார்களா? நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் மின்கம்பத்தில் பெயின்டால் கோடு போடுங்கள்: ஒரு லட்சம் கனஅடி வந்தால் இதுவரை, ஒன்றரை லட்சம் வந்தால் இதுவரை. கடல் ஏற்றமாக இருந்தால் இன்னும் கூடும் என்பதையும் சேர்த்து. "கடல் வாங்கல" என்று தாழங்குடாவில் சொல்வார்களே, அந்த நாளில் ஒரு லட்சமே ஒன்றரை லட்சத்துக்குச் சமம்.

பாகூர் பக்கம் கதை இன்னும் சிக்கல். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. ஆறு வந்தால் சோரியாங்குப்பமும் குருவிநத்தமும்தான் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்கின்றன. அணை இருப்பது தமிழ்நாட்டில், இவர்கள் ஓட்டுப் போடுவது புதுச்சேரியில்.

இவ்வளவு பேசுகிறோமே, மற்ற நாளில் இந்த ஆறு எப்படி இருக்கும்? தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். மழை பொய்த்த வருடங்களில் சாமிக்குத் தீர்த்தவாரி நடத்த மணலில் ஊற்று தோண்டுவார்கள். மேலே கர்நாடகம் இதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் குடிநீருக்கென்று அணை கட்டிவிட்டது. தமிழ்நாடு கேட்ட இடைக்காலத் தடையை உச்ச நீதிமன்றம் 2019-இல் மறுத்துவிட்டது. கீழே தளவானூரில் சுமார் 25 கோடி செலவில் கட்டிய தடுப்பணை 2021 ஜனவரியில், கட்டிய சூட்டோடு, கரைப்பக்கம் உடைந்து போனது. நடுவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கினால்தான் கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்பேறாமல் இருக்கும். அதைக் கேட்கும் குரல் வெள்ளம் வடிந்ததும் அடங்கிவிடுகிறது, நம் குரலையும் சேர்த்துத்தான்.

அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கம்பத்தில் கோடு போடும் விஷயத்தை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். நாணமேடு, உச்சிமேடு, ஆல்பேட்டை, பாகூர் பக்கத்து நண்பர்கள் உங்கள் சுவரில் 2024 கோடு இன்னும் மிச்சமிருந்தால், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க போட்டோ எடுத்து அனுப்புங்கள். தெருப் பெயர் கட்டாயம் வேண்டும்.