கண்ணைக் கட்டினால் என்ன புரியும்?

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னாள்: "அம்மா, கண்ணு தெரியாதவங்க ரொம்பப் பாவம்மா. இன்னைக்கு எங்க எல்லாருக்கும் கண்ணைக் கட்டி நடக்க விட்டாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு." டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளுக்காக வகுப்பில் நடந்ததாம்.

நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்தது பயமும் "பாவ"மும்தான். கண்ணைக் கட்டிய முதல் ஐந்து நிமிடம் யாருக்குமே தடுமாற்றம்தான். வெள்ளைக் கோலோடு சாலையில் நடப்பவருக்குப் பல வருடப் பழக்கம் கையிலும் காதிலும் ஊறியிருக்கிறது. அது கண்கட்டில் தெரியாது.

அன்று ராத்திரி, பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து பற்றிச் சொன்னேன். ஆறே புள்ளிகள். லூயி பிரெயில் அதை உருவாக்கியது 1824-ல், 15 வயதில். ஊசியால் குத்தினால் தாளின் மறுபக்கம்தான் புள்ளி புடைக்கும். அதனால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாக விரலால் படிக்க வேண்டும். "அப்போ கண்ணாடியில தெரியற மாதிரி யோசிச்சு எழுதுவாங்களா!" என்று வியந்தாள். அதற்கப்புறம் "பாவம்" என்ற சொல்லே வரவில்லை. அட்டையில் குத்திக் குத்தித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? சரி, கோல்பால் விளையாட விடுங்கள். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-ல் உருவான ஆட்டம். 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அணிக்கு மூன்று பேர், பந்துக்குள் மணி. கொஞ்சம் பார்வை உள்ளவருக்கும் கூடுதல் வசதி கிடைத்துவிடக் கூடாது என்று எல்லோர் கண்ணையும் மறைத்துவிடுவார்கள். மணிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் பந்து உருளும்போது அரங்கமே அமைதியாக இருக்கும். பார்வையில்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால், இந்த ஆட்டத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் போவது அந்தப் பிள்ளைதான்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்ட பிள்ளைக்கு ஸ்டார் கொடுக்கிறோம். நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு ஸ்டார் வாங்க என்ன வழி வைத்திருக்கிறோம்? நோட்டு விநியோகம், வகுப்புத் தலைவர் பொறுப்பு, எதையாவது கொடுக்கிறோமா? கேட்காமல் நாற்காலியைத் தள்ளுவதே தப்பு என்று எத்தனை வகுப்பில் சொல்கிறோம்? "உதவி வேணுமா?" என்று கேட்கவும், "வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காமல் விலகவும் ஏழு வயதில் தாராளமாகப் பழகலாம்.

வகுப்பு ஆசிரியரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன். மணி வைத்த பந்து ஒன்றையும் எடுத்துப் போகிறேன்.