எச்சில் ஊறாத வாய்க்கும் ஒரு சோதனை வேண்டும்

தைராய்டு புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று எச்சிலை வைத்தே சொல்லிவிட முடியுமா என ஆய்வுகள் நடப்பதைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். "என் வாயில எச்சில் எங்கடி இருக்கு?" என்றாள். இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவளுக்கு வந்தது பாப்பிலரி வகை. தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானவர்களுக்கு வருவது இதுதான். கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் போயிருந்ததால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அதை உறிஞ்சி அழியும். ஆனால் எச்சில் சுரப்பிகளும் அயோடினை இழுக்குமே! அதனால்தான் இந்த மருந்து எடுத்தவர்கள் பலருக்கு வாய் காய்ந்துபோகிறது. ரசத்தை நிறைய ஊற்றிக் கரைத்தால்தான் அக்காவுக்குச் சோறு இறங்கும். தலைமாட்டில் எப்போதும் தண்ணீர்ச் செம்பு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறாள். அவளை அரிப்பது ரத்தப் பரிசோதனை. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் தைராய்டு செல்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதம் ரத்தத்தில் அநேகமாக இல்லாமல் போக வேண்டும். மறுபடி ஏறினால் எங்கோ நோய் முளைக்கிறதோ என்று தேடுவார்கள். ஆனால் நான்கைந்து பேரில் ஒருவருக்கு அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உடம்பில் இருக்கும். அது சோதனையைக் குழப்பி, இருப்பதைக் குறைத்துக் காட்டிவிடும். அக்கா அந்த ஒருத்தி. ரிப்போர்ட்டில் எண் குறைவாக வந்தாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கழுத்து ஸ்கேன் முடிகிறவரை அவள் சரியாகத் தூங்கமாட்டாள்.

எச்சிலில் தேடுகிறவர்கள் பார்ப்பது வேறு தடயங்களை. கட்டியிலிருந்து உதிர்ந்த மரபணுத் துணுக்குகள், மைக்ரோ ஆர்என்ஏ என்ற நுண் மூலக்கூறுகள் போன்றவை. அக்காவின் ஆன்டிபாடிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு இதில் இவ்வளவு ஆசை இருப்பது அதனால்தான். ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறவர்கள், அயோடின் எடுத்து வாய் காய்ந்தவர்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். நன்றாக எச்சில் ஊறுகிறவர்களிடம் மட்டும் பார்த்துவிட்டு வெற்றி என்று அறிவித்தால் அவளுக்கு அதனால் என்ன பயன்?

இன்னொன்று. நாளைக்கு இதையே முகாம் போட்டு, நோயில்லாதவர்களிடமெல்லாம் விற்க வேண்டாம். தென் கொரியாவில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். 1993-ஐவிட 2011-இல் 15 மடங்கு பேருக்குத் தைராய்டு புற்றுநோய் என்று வந்தது. இறப்பு விகிதம் மட்டும் மாறவே இல்லை. எடுத்திருக்கத் தேவையில்லாத சுரப்பியை இழந்து, ஆயுளுக்கும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவர்கள் அங்கே எத்தனை பேர்!

அடுத்த மாதம் அக்காவுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். ஆன்டிபாடி இறங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.