அவர் நமக்கு எதையும் பாக்கி வைக்கவில்லை

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பது என் உள்பெட்டியில் வந்து விழும் கேள்விகளிலிருந்தே தெரிகிறது. ஆகவே நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு சில படங்களில் குழந்தையாக நடித்த ஒருவரை, முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்காமல் மேடைக்கு அழைத்து, பழைய வசனத்தை "ஒரே ஒரு தடவை" பேசிக் காட்டச் சொன்னார்கள். அவர் கைகூப்பி மறுத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த நாற்பது நொடிக் காட்சிக்கு யாரோ ஒரு புண்ணியவான் "திமிர்" என்று தலைப்புக் கொடுத்து இணையத்தில் ஏற்றினார். அடுத்த நாள் காலைக்குள் அது பெங்களூர் சர்ஜாபுரம் சாலையிலிருந்து சென்னை வரை போய்விட்டது.

அவர் நமக்கு எதையும் பாக்கி வைக்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். இந்தப் பதிவு முழுவதும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன் என்பதால், சலிப்பவர்கள் இங்கேயே விடைபெறலாம்.

முதலில் அந்த வசனத்தைப் பற்றி. அதைப் பேசியது அவருடைய குரலே அல்ல. அந்தக் காலப் படங்களில் பல குழந்தை நட்சத்திரங்களுக்கு வளர்ந்த பெண்கள்தான் டப்பிங் பேசினார்கள். இவருக்கும் அப்படித்தான் என்று அவரே ஒருமுறை மாடியில் துணி எடுக்கும்போது சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் மழலை, பெயர்கூடத் திரையில் வராத ஒரு பெண்மணியின் உழைப்பு. அதை இப்போது நாற்பது வயதைத் தொடும், காலை எட்டு மணி அலுவலகப் பேருந்துக்கு ஓடும் ஒருவரிடம் கேட்டு வாங்கப் பார்க்கிறீர்கள்.

"அது அன்பு, அதை ஏன் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று விழாக்குழு அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். அண்ணா, அன்பு இருந்தால் முதல் நாளே கதவைத் தட்டி "மேடைக்கு வருகிறீர்களா அம்மா" என்று கேட்டிருப்பீர்கள். சந்தா வசூலிக்க அந்தக் கதவைத் தட்டத் தெரிந்திருந்ததே.

அடுத்த கேள்வி, "சினிமாதானே அவருக்குப் பேரும் பணமும் கொடுத்தது?" இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று ஒரு குழந்தையை நடிக்க வைக்க வேண்டுமானால் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நேரடியாக வைப்பு வைக்க வேண்டும். இவை எல்லாம் 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017-இல் விதிகள் வந்த பிறகு எழுத்தில் ஏறியவை. அமெரிக்காவில் சாப்ளினோடு 1921-இல் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்த பின் தான் சம்பாதித்த பணம் கரைந்து போயிருப்பதைக் கண்டு 1938-இல் பெற்ற தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குத் தொடர்ந்தார். மறு ஆண்டே கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. நமக்கு அந்தப் புத்தி வர இன்னும் எழுபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. இவர் நடித்த காலத்தில் இந்த விதிகள் எதுவும் இல்லை. கால்ஷீட் கொடுத்தது பெரியவர்கள், அட்வான்ஸ் வாங்கியது பெரியவர்கள், இரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருந்தது குழந்தை. அந்தப் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்று நான் கேட்டதில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. உங்களுக்கும் இல்லை.

"மற்றவர்கள் தொடர்ந்து நடித்துப் பெரிய ஆளாகவில்லையா, இவருக்குத் திறமை இல்லை, அதனால்தான் இந்தக் கோபம்" என்ற வாதம்தான் என்னை உண்மையிலேயே புண்படுத்தியது. ஆமாம், ஆனார்கள். ஐந்து வயதில் 'களத்தூர் கண்ணம்மா'வுக்காகக் குடியரசுத் தலைவர் பதக்கம் வாங்கிய கமல்ஹாசன்கூட, இடையில் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக நின்றுதான் மறுபடி மேலே வந்தார். 1985-இல் 'பெட்டத ஹூவு' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய புனீத் ராஜ்குமார் 2002-இல்தான் கதாநாயகன் ஆனார். 2021 அக்டோபர் 29 அன்று அவர் இறந்தபோது இந்த ஊரே அவருக்காக அழுதது, நானும் அழுதேன். ஆனால் அவர் கன்னட உச்ச நட்சத்திரம் ராஜ்குமாரின் மகன். பதினேழு ஆண்டுகள் காத்திருக்க ஒரு வீடு இருந்தது. ஸ்ரீதேவியையும் உதாரணம் காட்டுகிறீர்கள். 1969-இல் முருகனாக நடித்த அந்தக் குழந்தை 1976-இல் 'மூன்று முடிச்சு' வெளிவந்தபோது கதாநாயகி, வயது பதின்மூன்று. அதை வெற்றி என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம், பதின்மூன்று வயதுப் பெண் வேறு என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விட்டுப் போனவர்களையும் பாருங்கள். 1937-இல் 'பாலயோகினி' வந்தபோது பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒரு சரோஜா அத்தை உண்டு. அந்தப் படத்தின் குழந்தை நட்சத்திரம் பேபி சரோஜா நடித்தது மூன்றே மூன்று படங்கள். தோற்றுப் போனாரா? சங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த 'மால்குடி டேஸ்' தொடரில் சுவாமியாக வந்து நாடு முழுவதையும் கட்டிப்போட்ட மஞ்சுநாத், நடிப்பை விட்டுப் படித்து, பெங்களூரில் மக்கள் தொடர்புத் துறையில் வேலை பார்த்தார். இவரும் தோற்றவரா?

ஷஃபீக் சையத்தின் கதையை வைத்து என்னை மடக்கப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பெங்களூரிலிருந்து பம்பாய்க்கு ஓடிப்போன சிறுவன். தெருவிலிருந்து எடுக்கப்பட்டு 'சலாம் பாம்பே'யில் நடித்து, தேசிய விருது வாங்கி, பிறகு இதே ஊரில் ஆட்டோ ஓட்டினார். அந்தப் படத்தின் வழியாகத் தெருக்குழந்தைகளுக்கென ஓர் அறக்கட்டளை உருவானது, அதை மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவரைத் தேடிப் பிடித்து "அன்று நட்சத்திரம், இன்று ஆட்டோ ஓட்டுநர்" என்று எழுதி உச்சுக் கொட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆட்டோ ஓட்டுவது என்ன இழிவு? ஸ்ரீராமபுரத்தில் நான் வளர்ந்த தெருவில் பாதிப் பேர் அதை ஓட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் தம்பிக்கு ஆறு வயதானபோது அப்பாவின் நண்பர் ஒருவர் அவனை ஒரு படப்பிடிப்புக்கு அழைத்துப் போனார். அழுகைக் காட்சி. கிளிசரின் போட்டும் அவன் அழவில்லை. எங்கள் வீட்டு நாய் செத்துப்போய்விட்டது என்று சொன்னார்கள்; அழுதான், டேக் ஓகே ஆனது. அந்தக் காட்சி படத்தில் வரவேயில்லை. ஆனால் அப்பா அதை ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்திருக்கிறேன். கதை ஆரம்பித்தாலே தம்பி இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவான். அவனையும் அன்று "திமிர் பிடித்தவன்" என்றுதான் சொன்னார்கள்.

இனி, "நீங்கள் பெண்ணியவாதி, எல்லாவற்றிலும் குறை காண்பீர்கள்" என்று எழுதிய நண்பருக்கு வணக்கம் மட்டும்.

கடைசியாக என் சித்திக்கு. பேத்தி ஆடும் ரீல்ஸை எனக்கு அனுப்பி, "இவளும் நாளைக்குப் பெரிய நடிகை ஆவாள், அப்போது என்ன சொல்வாய்? இவள் விருப்பப்பட்டுத்தான் ஆடுகிறாள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் நடிகை ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன் சித்தி, ஆகாவிட்டாலும் தட்டுவேன். ஆனால் நீங்கள் அனுப்பிய காணொளியின் முடிவில், பாட்டு நின்ற பிறகு, "இன்னொரு தடவை ஆடு கண்ணு" என்று நீங்கள் சொல்வதும், "போதும் பாட்டி, கால் வலிக்குது" என்று அவள் சொல்வதும் தெளிவாகக் கேட்கிறது. அதை வெட்டக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.