நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்

பாப்பாவுக்கு இப்போது பத்து மாதம். ஹோட்டலுக்குள் நுழைந்ததும் அவள் கண் போவது மேலே சுற்றும் ஃபேன் மீது. என் கண், எந்த டேபிளில் உட்கார்ந்தால் சட்டென்று எழுந்து வெளியே ஓடலாம் என்று தேடும். மனைவி எதையும் பார்க்கமாட்டாள். பையைத் தோளில் மாட்டியபடி, எதை மறந்துவிட்டு வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

கைக்குழந்தையோடு வெளியே சாப்பிடப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சி. “இத்துனூண்டு பிள்ளையை எதுக்கு ஹோட்டலுக்குத் தூக்கிட்டு வர்றாங்க” என்பது ஒன்று. “குழந்தைன்னா அழத்தான் செய்யும், பொறுத்துக்கங்க” என்பது மற்றது. பாப்பா பிறக்கும்வரை நான் முதல் கட்சியில் தீவிர உறுப்பினர், பிறந்த பிறகு இரண்டாவதற்குத் தாவினேன். இப்போது இரண்டிலும் இல்லை. ஏனென்றால் இரு தரப்பும் அழுகையைப் பற்றித்தான் மல்லுக்கட்டுகின்றன. அழும்போது தட்டை விட்டு எழுந்து போவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு நாலு மாதம் இருக்கும்போது முதல்முறையாகப் போனோம். ஒரு பிரச்சினையும் இல்லை என்றுதான் நினைத்தேன். சுடச்சுடச் சாப்பிட்டேன், பில் கொடுத்தேன், வந்தோம். ராத்திரி போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தபோதுதான் உறைத்தது. எட்டுப் படத்தில் ஒன்றில்கூட மனைவி சாப்பிடவில்லை. ஒன்றில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டில் அவள் நாற்காலி காலி. கடைசிப் படத்தில் அவள் தட்டு மட்டும் இருக்கிறது, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்துபோய். “நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அது பேச்சில் பாதிதான். “நான் முடிச்சிட்டேன், இப்ப நீ சாப்பிடு” என்ற மீதிப் பாதி என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஹோட்டலில் டயப்பர் மாற்றும் பலகை பெண்கள் கழிப்பறையில் மட்டும்தான் இருந்தது. நான் எழுந்து, விசாரித்து, திரும்பி வந்து, பிள்ளையை அவளிடமே கொடுத்தேன். வெளியே சலித்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் 2016-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள், பெண்கள் இரண்டு பக்கமும் அந்தப் பலகை இருக்க வேண்டும் என்று. அப்பன்மார்களின் சாக்கைப் பிடுங்கிய சட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது பையில் ஒரு விரிப்பைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

பால் கொடுப்பதும் அப்படித்தான். ஓரிடத்தில் மேனேஜர் ரொம்ப மரியாதையாக வந்து, “மேடம், வாஷ்ரூம் பக்கம் ஒரு சேர் போட்டுத் தரட்டுமா?” என்றார். “வேண்டாங்க, இங்கயே முடிஞ்சிரும்” என்றாள் மனைவி. நான் மெனு கார்டைப் பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். பால் கொடுக்கிறார் என்பதற்காக ஒரு பெண்ணை வெளியே போகச் சொல்வது பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி சட்டவிரோதமான பாகுபாடு என்றெல்லாம் வீட்டுக்கு வந்து தேடிப் படித்துச் சொன்னேன். “அங்கயே சொல்லியிருக்கலாமே” என்றாள்.

ஸ்பூன் விஷயத்துக்கு வருகிறேன். ஹை சேரில் உட்காரவைத்து பெல்ட் போட்டதும் பாப்பா செய்யும் முதல் காரியம் ஸ்பூனைக் கீழே போட்டு எட்டிப் பார்ப்பது. போன தடவை பதினோரு முறை குனிந்தேன், எண்ணினேன். இதில் குறும்பு எதுவும் இல்லை. கண்ணை விட்டு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது இந்த வயதில்தான் தெளிவாகப் பிடிபடுகிறது, உளவியலாளர் பியாஜே அன்றே எழுதிவைத்தார். குனிந்து எடுத்துக் கொடுக்க ஆள் உண்டா என்பதையும் சேர்த்தே அவள் சோதிக்கிறாள் என்பது என் சந்தேகம்.

பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். கொதிக்கும் சூப்பைக் கொண்டுவந்து சர்வர் நேராக அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். நான் இழுப்பதற்குள் விளிம்பில் விரல் பட்டுவிட்டது. நல்லவேளை, விளிம்போடு போயிற்று. கைக்குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஊற்றிக் கால் மணி நேரம் ஆன தேநீர்கூட அதைச் சுட்டுவிடும். இன்னொருவர் பாசமாக ஒரு ஸ்பூன் தேன் கொண்டுவந்தார். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய்க்கு அதிலுள்ள கிருமி வித்து காரணமாகலாம் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. உப்பும் அந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்குள்தான் இருக்க வேண்டும். அதனால் அவள் சாப்பாடு வீட்டிலிருந்தே வருகிறது.

போன் கொடுத்து உட்காரவைக்கலாமே என்பார்கள். ஒரே ஒரு முறை கொடுத்தோம். இருபது நிமிடம் அப்படி ஒரு அமைதி. ஊட்டியது என்ன என்றுகூடப் பார்க்காமல் விழுங்கினாள். பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது அப்புறம்தான் தெரியும்.

அழுகை இரண்டு நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவதுதான் சரி என்பேன். பக்கத்து டேபிள்காரருக்கும் அது சாப்பாட்டு நேரம். ஆனால் யார் தூக்கிப் போவது என்பது வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது முறை வைத்திருக்கிறோம். முதல் தட்டு மனைவிக்கு.

போன ஞாயிறு, சாப்பாடு வந்த நேரம் பார்த்துப் பாப்பா ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்ததும் அழுகை நின்று, அதை நக்கத் தொடங்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், எங்கள் பக்கம் திரும்பாமல்.

வாசலில் நின்றவர் பதறிப்போய்க் கேட்டார், “குழந்தையோட அம்மா வரலையா சார்?”

“வந்திருக்காங்க. சாப்பிட்டுட்டு இருக்காங்க.”