விடை 9.8 வராத பிள்ளைகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள்

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஏதேனும் ஒரு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துக்குள் எட்டிப் பாருங்கள். தாங்கியில் ஊசல் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். மாணவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆடாத அந்த ஊசலின் அலைவு நேரத்தை, அதாவது ஒரு முறை போய்வர ஆகும் நேரத்தை, ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். சோதனையில் கண்டுபிடிக்க வேண்டிய புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் முதலில் எழுதப்படும். அதிலிருந்து அலைவு நேரத்தின் இருமடி, அதிலிருந்து அலைவு நேரம், அதிலிருந்து 20 அலைவுகளுக்கான நேரம் என்று கணக்கு பின்னோக்கி நடக்கும். எல்லா வரிசையிலும் 9.8 என்றே வந்தால் சந்தேகம் வரும் என்பதால் ஒன்றில் 9.77, இன்னொன்றில் 9.83 என்று தசமங்களைக் கொஞ்சம் கலைத்துவிடுவார்கள். ரீடிங் 'செட்' பண்ணுவது என்று இதற்குப் பெயர். ஊசலை ஒழுங்காக ஆட்டி அளப்பதற்கு வேண்டிய கணக்கைவிட இதற்குக் கூடுதலாகவே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் சார்பாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் இயற்பியல் ஆசிரியராக 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். இந்த வித்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன், "9.8-க்குப் பக்கத்தில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என் வாயாலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்தப் பதிவை யாரையும் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆய்வு மனப்பான்மையை எப்படி ஊட்டுவது, தொழில்நுட்பம் கொண்டு சிக்கலைத் தீர்க்க எப்படிப் பழக்குவது என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியே பேசுகிறார்கள். மதிப்பெண் முறையைப் பற்றிப் பேசாமல் கருவிகளைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அந்த நம்பிக்கை எங்கே போனது என்பதைச் சொல்ல ஒரு ஊசல் கதை இருக்கிறது. ஒரு பதினோராம் வகுப்பு மாணவி, மற்றவர்களைப் போலப் பின்னோக்கிக் கணக்குப் போடத் தெரியாததாலோ என்னவோ, உண்மையாகவே ஊசலை ஆட்டி அளந்து அப்சர்வேஷன் நோட்டைக் கொண்டுவந்தாள். நூலின் நீளம் 20 சென்டிமீட்டராக இருந்தபோது 20 அலைவுகளுக்கு 19.1 வினாடி, 50 சென்டிமீட்டருக்கு 29.1, 100 சென்டிமீட்டருக்கு 40.7. கணக்கிட்டால் முடுக்கம் முறையே 8.7, 9.3, 9.5 என்று வந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நோட்டைப் பார்த்தால் "திரும்ப எடு" என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடுவேன். அன்று அவள் கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது. "சார், நூல் நீளமானால் புவியீர்ப்பு கூடுமா?"

கூடாது என்று அவளுக்கே தெரியும். ஆனால் எண்கள் தற்செயலாகத் தவறியிருந்தால் மேலும் கீழுமாகத் தவறியிருக்க வேண்டும். இவை வரிசையாக ஏறிப்போனதுதான் அவளை உறுத்தியிருக்கிறது. அந்தக் கேள்வியை வகுப்பின் முன் வைத்தேன். கடிகாரத்தை அழுத்துவதில் தாமதம் என்று ஒருவன் சொன்னான். அப்படியென்றால் 20 அலைவுகளுக்குப் பதிலாக 50 அலைவுகளை அளந்தால் பிழை சுருங்க வேண்டுமே என்று இன்னொருத்தி மடக்கினாள். அளந்து பார்த்தார்கள், பிழை அப்படியே இருந்தது. வீச்சுக் கோணம் பெரிதாகிவிட்டது என்றார்கள். கோணத்தைக் குறைத்தும் கூட்டியும் பார்த்ததில் ஏற்பட்ட வேறுபாடு இந்தப் பிழைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. காற்றின் தடை என்று சொன்னவனை, அப்படியானால் அதிகத் தூரம் வீசும் நீளமான ஊசலில்தானே பிழை கூட வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவனே உட்கார வைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள், நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தின் இருமடியைக் குத்து அச்சிலும் வைத்து வரைபடம் போடச் சொன்னேன். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், நீள அச்சைச் சுழிக்கு 2.5 சென்டிமீட்டர் இடப்பக்கத்தில் தொட்டது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவன் எழுந்துபோய் வெர்னியர் அளவியை எடுத்துக் குண்டை அளந்தான். ஆரம் 1.2 சென்டிமீட்டர். மீதி 1.3 எங்கே என்று எல்லோரும் குண்டையே முறைத்துக்கொண்டிருக்க, அந்த மாணவி குண்டின் மேலிருந்த கொக்கியைத் தொட்டுக் காட்டினாள். அவள் முடிச்சு வரை மட்டுமே அளந்திருக்கிறாள். ஊசலின் நீளமோ குண்டின் மையம் வரை. 20 சென்டிமீட்டரில் 2.5 விடுபட்டால் பெரிய பிழை, 100-இல் விடுபட்டால் சிறிய பிழை. எண்கள் ஏறிப்போனதன் காரணம் அவ்வளவுதான். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டபோது 9.78 வந்தது. எல்லா அளவிலும் ஒரே அளவு விடுபட்டிருந்ததால் சாய்வை அது தொடவே இல்லை. தப்பான அளவுகளுக்குள்ளேயே சரியான விடையும், தப்பு எங்கே என்ற விவரமும் சேர்ந்து கிடந்தன.

இதற்கு மூன்று பாடவேளைகள் போயின; போர்ஷனில் பின்தங்கினேன்; கேள்வியும் கேட்கப்பட்டது. பின்னோக்கிக் கணக்குப் போட்ட பிள்ளைகளின் வரைபடங்களில் கோடு மிக அழகாக ஆதிப்புள்ளி வழியாகப் போயிற்று. அந்த நோட்டுகளில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

நம் மேல்நிலை இயற்பியலில் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25. இந்த 20-உம் 25-உம் அநேகமாக எல்லோருக்கும் முழுதாகக் கிடைத்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கிராமத்துப் பிள்ளைக்கு அது ஒரு பிடிமானம். எதைச் செய்ததற்காகக் கிடைக்கிறது என்பதுதான் வருத்தம். புத்தகத்தில் உள்ள விடையைத் திரும்பக் கொண்டுவந்ததற்காகக் கிடைக்கிறது. விடை முன்பே தெரிந்த ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டு, தேடவில்லையே என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை.

ஒவ்வொரு பிப்ரவரி 28-ஆம் தேதியும் பள்ளிகளில் சர் சி. வி. ராமனைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடக்கிறது. 1921-இல் கப்பலில் வந்தபோது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் வியந்தார் என்பதோடு பேச்சு முடிந்து கைதட்டல் வந்துவிடும். கடல் ஏன் நீலம் என்று எல்லாக் குழந்தைகளும்தான் கேட்கின்றன. வானத்தின் நிறம் நீரில் பிரதிபலிப்பதே காரணம் என்று அறிஞர் ராலே கொடுத்திருந்த விளக்கம் அப்போது இருந்தது. ராமன் ஒரு சிறிய நிக்கோல் பட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் அதனால் தடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். ராலே சொன்னது சரியென்றால் நீலம் மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆக, நிறம் நீருக்குள்ளிருந்தே ஒளி சிதறுவதால் வருகிறது. ஒரு விளக்கம் தவறாக இருந்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று முன்கூட்டியே யோசித்து, அதைப் பார்க்க ஒரு வழி செய்தாரே, அந்த இடத்தை எந்தப் பேச்சுப் போட்டியிலும் நான் கேட்டதில்லை. ஐம்பது அலைவு எண்ணிப் பார்க்கலாம் என்று சொன்ன அந்தப் பெண் செய்ததும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதெல்லாம் நம் நாட்டில் நடக்காது என்று சொல்பவர்களுக்கு ஹோஷங்காபாத்தை நினைவூட்ட வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்து, தாங்களே முடிவுக்கு வர வேண்டும். பாடநூலில் முடிவு அச்சாகியிருக்காது. எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய தேர்வு முறை: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைக்கும் தனித் தேர்வு உண்டு. பார்த்து எழுதலாம் என்ற பிறகு மனப்பாடத்துக்கு அங்கே என்ன வேலை? தேர்வை மாற்றாமல் பாடத்தை மட்டும் மாற்றுவது வீண் வேலை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்புவதற்கு 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரையும் வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகள் ஓடிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

இனி தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். அறிவியலும் தொழில்நுட்பமும் ஒரே பாடம் என்பது போல இரண்டையும் ஒரே கண்காட்சி மேசையில் வைத்துவிடுகிறோம். ஆய்வு "ஏன் இப்படி நடக்கிறது?" என்று தொடங்கும், தொழில்நுட்பமோ "யாருக்கு என்ன தொல்லை?" என்று தொடங்க வேண்டும். பிள்ளைகள் தாங்களே கருவி செய்து பழகுவதற்காக மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. அர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகை, உணரிகள், முப்பரிமாண அச்சுப்பொறி எல்லாம் வரும். நல்ல திட்டம்தான். ஆனால் நான் பார்த்த ஒரு பள்ளியில் அந்த அறையின் சாவி தலைமை ஆசிரியரின் பீரோவில் இருந்தது. பார்வையாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வந்தது. திறந்திருக்கும் இடங்களிலும் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் யூடியூபில் கிடைக்கும் தானியங்கிக் குப்பைத் தொட்டிதான். அந்தத் தொட்டி யாருக்கு வேண்டும் என்று கேட்டால் பதில் வராது.

எங்கள் பள்ளியில் மேல்நிலைத் தொட்டி தினமும் நிரம்பி வழியும். இதற்கு வழி காண ஐந்து பேர் முன்வந்தார்கள். முதலில் எவ்வளவு வீணாகிறது என்று அளந்து வரச் சொன்னேன். வழியும் குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்தார்கள். 12 வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 75 லிட்டர். நாளொன்றுக்கு 20 நிமிடம் வழிகிறது என்றால் 1,500 லிட்டர். எண் கையில் வந்ததும் அவர்கள் முகமே மாறிவிட்டது. மீயொலி உணரியும் அர்டுயினோவும் வைத்து ஒரு கருவி செய்தார்கள். தொட்டியின் மூடிக்கு அடியில் நீர்த்துளி படிந்து ஒரே வாரத்தில் உணரி உளறத் தொடங்கியது. தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் கடையில் கிடைக்குமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும் அறை தொட்டியிலிருந்து 40 மீட்டர் தள்ளி, விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒயரை இழுத்தால் பந்து படும். புதைத்தால் அறுந்த அன்று யார் தோண்டுவது?

அப்போதுதான் ஒரு பையன் வாட்ச்மேன் அண்ணனிடம் போய்ப் பேசியிருக்கிறான். அவர் மோட்டாரை மறப்பதில்லை. தொட்டி நிறைந்தது அவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வழியும் குழாய் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது, அவர் உட்காருவது முன்பக்கம். பிள்ளைகள் ஒரு குழாய்த் துண்டும் இரண்டு எல்போவும் வாங்கி, வழியும் நீரை முன்பக்கத்துக்குத் திருப்பி, பழைய தகரம் ஒன்றின் மேல் விழச் செய்தார்கள். இப்போது தொட்டி நிறைந்ததும் தகரம் தடதடவென்று அடிக்கும். அண்ணன் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்துவார். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், பழுது பார்க்க யாரும் வேண்டாம். இதை ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். நடுவர் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு "இதில் டெக்னாலஜி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பரிசு, எல்.இ.டி. விளக்கு மினுக்கிய ஒரு தெர்மாகோல் நகரத்துக்குப் போயிற்று. தகரம் இன்னமும் அடித்துக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர்கள் முயன்றால் போதும் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஒரு வகுப்பில் 50 பேர், நான்கு ஊசல்கள், கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், நூறு சதவீதத் தேர்ச்சிக்கான சிறப்பு வகுப்புகள் என்று எல்லாம் இருக்கும்போது மூன்று பாடவேளைகளை ஒரு கொக்கிக்காகச் செலவிடுவது எல்லோராலும் முடியாது. என்னாலும் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் முடியவில்லை. ஆனால் செய்முறைத் தேர்வின் வினாவை மாற்றுவதற்குப் பணமும் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம். குண்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு கூழாங்கல்லை நூலில் கட்டிக் கொடுங்கள். முடிச்சிலிருந்து கல்லின் மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று, கல்லை உடைக்காமல், ஊசலை ஆட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த மாணவியின் வரைபடம் கொக்கியைக் காட்டிக்கொடுத்தது போல, நீள அச்சில் கோடு தொடும் இடம் அந்தத் தூரத்தைச் சொல்லிவிடும். ஒரு கல்லைப் போல இன்னொன்று இருக்காது. கைடில் விடை இருக்காது. பக்கத்துப் பையனின் நோட்டும் உதவாது. 20 மதிப்பெண்ணில் பாதியை, பிழை எங்கே வந்திருக்கலாம், அதை எப்படிச் சோதித்தேன் என்று பிள்ளை எழுதும் ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

அந்த ஆண்டு தேர்வுக்கு முந்தைய நாள் அந்த மாணவி வந்து, "சார், நாளைக்கு எனக்கு ஊசல் வந்து 9.3 வந்தால் என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். வந்ததையே எழுது, காரணத்தையும் கீழே எழுது என்றேன். "புறத்தேர்வாளர் மார்க்கைக் குறைத்துவிட்டால்?" என்றாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். மறுநாள் சீட்டுக் குலுக்கலில் அவளுக்குச் சுருள்வில் வந்தது. நான் தப்பித்தேன்.